கையெழுத்துப் போடாதீர்கள், அடுப்பையும் அணைய விடாதீர்கள்

பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லாந்தை, மொனராகலைத் தோட்டங்களில் இருக்கும் தோழர்களே! அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கச்சிமாரே!

முதலில் ஒரு காரியம். யாராவது ஒரு தாளை நீட்டி, பேனாவையும் கையில் திணித்து, "இந்த எடத்துல ஒரு கையெழுத்து வைங்க, காசு வந்துரும்" என்றால் வைக்காதீர்கள். மையைத் தொட்டுப் பெருவிரலும் வைக்காதீர்கள். தாளை வாங்கி மடித்து மடியில் வையுங்கள், நேரே உங்கள் தலைவரிடம் கொண்டுபோங்கள். நான் எழுதும் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்றை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் தோட்டத்து ஸ்டோர் மூடி இன்றோடு பதினேழு நாள். அன்று காலை வழமைபோல ஆறரை மணிக்குப் பெரட்டுக்களத்துக்குப் போனோம். கணக்கப்பிள்ளை நின்றார், கையில் செக்ரோல் இல்லை. "இன்னைக்குப் பேர் இல்ல, நாளைக்கும் இல்ல, சொல்லி அனுப்புறோம்" என்றார். கொழுந்து மடுவத்தில் தராசைக் கழற்றிவிட்டிருந்தார்கள், அது தொங்கிய கொக்கி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கச்சான் காற்று வீசுகிற மாதம் இது. ஊவாத் தேயிலைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்த காற்று, வருசத்தில் நல்ல விலை போகிற மாதம். அந்த மாதத்தில் கொழுந்து முற்றிக் கரட்டியாகிக் கிடக்கிறது, பறிக்கக் கையிருந்தும் பறிக்க விடவில்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. முழுக்க இங்கிலீசு. இருபத்தேழு வருசம் கொழுந்து பறித்த ஓர் அக்கா, கூடைக் கயிறு நெற்றியில் பதித்த தழும்போடு, அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். "இதுல என்னா எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்டார். வாசித்தேன். கம்பனி கடனில் மூழ்கிவிட்டதாம். ஆகவே அவர் தன் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுகிறாராம். மூன்று மாதச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு இனி எந்த உரிமையும் கோரமாட்டாராம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "சொந்த விருப்பமா? நான் எப்பப்பா கேட்டேன்?"

அந்தக் கேள்விக்குச் சட்டம் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது.

1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் வேலையை முடிவுறுத்துவது பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம். பெயர் நீளம், சாரம் சின்னது. 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, அந்தத் தொழிலாளியே முன்கூட்டி எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. கம்பனி நட்டத்தில் போனது, பேங்க் கழுத்தைப் பிடித்தது, தோட்டத்தை மூடிவிட்டோம் என்பவையெல்லாம் இந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. மூடுவதால் போகும் வேலையும் இதற்குள் வரும். "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்க, கூப்பிடுவோம்" என்று தற்காலிகமாக நிறுத்துவதும் இதற்குள் வரும்.

இப்போது விளங்குகிறதா அந்தத் தாள் எதற்கு வந்தது என்று? ஆணையாளரிடம் போனால் கணக்குக் காட்ட வேண்டும், விசாரணைக்கு வர வேண்டும், நட்டஈடு கட்டச் சொல்வார்கள். அக்காவிடம் வந்தால் ஒரு பெருவிரல் போதும். சட்டம் சொன்ன இரண்டு வழியில் மலிவான வழி அந்த விரல்தான். அதை எடுக்கத்தான் லயத்துக்கு லயம் ஆள் வருகிறது, இரவு எட்டு மணிக்கும் கதவைத் தட்டுகிறது.

அந்த அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், நீங்களும் கூடவே போடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் நட்டஈட்டை எப்படிக் கணக்கிடுவது என்று 2005-ல் வர்த்தமானியில் வந்திருக்கிறது. முதல் ஐந்து வருசத்துக்கு, வருசத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறிலிருந்து பதினான்கு வரை இரண்டு மாதம். பதினைந்திலிருந்து பத்தொன்பது வரை ஒன்றரை மாதம். இருபதிலிருந்து இருபத்துநான்கு வரை ஒரு மாதம். அதற்குமேல் வருசத்துக்கு அரை மாதம். அக்காவின் 27 வருசத்தைக் கூட்டினால் நாற்பத்துநாலரை மாதச் சம்பளம் வருகிறது. உச்ச வரம்பு உண்டு, அதையும் 2021-ல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்திவிட்டார்கள். அவருக்கு நீட்டியது மூன்று மாதம்!

இதைத் தவிர சேவைக்காலப் பணம் இருக்கிறது. 1983-ன் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருசம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம். அக்காவுக்கு 27 தரம் 14, அதாவது 378 நாள். 2024-ல் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலே 5,10,300 ரூபா. கடைசியாக வாங்கிய சம்பளம் அதைவிடக் கூடுதல் என்றால் இதுவும் கூடும். வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். சேமலாப நிதி வேறு. 1958-ன் 15-ஆம் இலக்கச் சட்டப்படி நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள், கம்பனி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம். நம்மிடம் பிடித்த 8 வீதத்தையும் கட்டாமல் விட்டிருந்தால், அது நம் உழைப்பிலிருந்து எடுத்த காசு, கம்பனியின் நட்டத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதை நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடத் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, ஒரு கதவு அடைபடப்போகிறது. வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். "துரை நல்லவரு, பார்ப்பாரு", "தீபாவளிக்கு முன்னால தொறந்துருவாங்களாம்", "எலக்சன் வருதாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஆறு மாதம் ஓடிப்போகும். பதினேழு நாள் போய்விட்டது. அதனால்தான் அவசரம்.

கம்பனி கெட்டுப்போனதற்கு நாம் தண்டம் கட்டுவது இந்த மலையில் புதிதில்லை. கோப்பிச் செடியைத் தின்ற இலைநோய் 1869-ல் முதலில் கண்ணில் பட்டது நம் மடுல்சீமைப் பக்கத்தில்தான். பதினைந்து வருசத்தில் கோப்பி படுத்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் பேங்க் 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. துரைமார் கடனாளியானார்கள், தோட்டங்கள் ஈடு பிடித்தவர் கைக்குப் போயின. மாதக்கணக்கில் கூலி நிலுவையில் கிடந்த நம் பாட்டன் பூட்டன்மார் என்ன செய்தார்கள்? மன்னார் வழியாகத் திரும்பி நடந்தவர்கள் உண்டு, வழியிலேயே முடிந்துபோனவர்கள் உண்டு. அந்த அவலம் பொறுக்காமல், துரைமாருக்காகவே இருந்த வெள்ளைக்கார அரசாங்கமே, 1880களில் கூலிப் பாக்கியைத் தோட்டத்தின் மேல் முதல் உரிமையாக வைத்துச் சட்டம் எழுதவேண்டி வந்தது. பேங்குக்கு முன்னால் கூலி! ராணியின் அரசாங்கம் அன்றைக்கு ஒத்துக்கொண்ட நியாயம் இது. வாக்குரிமையுள்ள பிரசைகளாக இன்று நாம் கேட்கும்போது வரிசையில் பின்னால் போய் நில் என்றால் நிற்போமா?

இன்றைய கம்பனிச் சட்டத்திலும் வாசல் முழுக்க அடைபடவில்லை. 2007-ன் 7-ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு கம்பனியைக் கலைக்கும்போது சம்பளப் பாக்கி, சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை எல்லாம் முன்னுரிமைக் கடன்களில் வருகின்றன. சொத்தை நேரே ஈடு வைத்துக் கடன் கொடுத்த பேங்க் தன் ஈட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதும் உண்மை. ஆகவே லிக்குவிடேட்டர் என்று ஒருவரை நீதிமன்றம் நியமித்தால், அவர் மேசைக்கு முதலில் போக வேண்டியது நம் பெயர்ப்பட்டியல். யார், எத்தனை வருசம், எவ்வளவு பாக்கி என்று எழுதிக் கொடுக்காதவனைத் தேடி யாரும் லயத்துக்கு வரமாட்டார்கள்.

இன்னொரு உண்மையையும் உரக்கச் சொல்ல வேண்டும். கம்பனி திவாலாகலாம், தோட்டம் திவாலாகாது. இந்த நிலம் கம்பனியுடையது இல்லை. 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்துக்கொண்ட நிலம். 1992-ல் கம்பனிகளாகப் பிரித்து, பிறகு 53 வருசக் குத்தகைக்குக் கொடுத்த நிலம். குத்தகை 2045-ல் முடிகிறது. குத்தகைப் பணம் அரசுக்குப் போகிறது. ஒவ்வொரு கம்பனியிலும் 'தங்கப் பங்கு' என்று ஒரு பங்கைத் திறைசேரிச் செயலாளர் தன் கையில் வைத்திருக்கிறார். இரண்டு கிழமை முன்னறிவித்தல் கொடுத்தால் கம்பனியின் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கும் உரிமை அந்தப் பங்குக்கு உண்டு. அப்படியானால் கொழும்பில் இருக்கும் ஐயாமாரிடம் நாம் கேட்கலாம்: கம்பனி படுத்துக்கொண்டு வந்தபோது புத்தகத்தை ஏன் பிரிக்கவில்லை? தேயிலையைப் பறிக்காமல் காடாக விட்டபோது, ஸ்டோர் மெஷினைக் கழற்றி லொறியில் ஏற்றியபோது, நிலத்தின் சொந்தக்காரர் எங்கே இருந்தார்?

அரசு தன் வீட்டையும் சுத்தமாக வைத்திருக்கவில்லை. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ கம்பனி ஆகியவற்றின் தோட்டங்களில் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் வருசக்கணக்கில் பாக்கி விழுந்தது நாடறிந்த கதை. ஓய்வுபெற்றுத் தன் காசைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடியவர்கள் அங்கே எத்தனை பேர்! 2022 ஏப்ரலில் நாடே கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அதற்கு யாரும் நாட்டை மூடவில்லை. கடன்காரரோடு பேசினார்கள், தவணை வாங்கினார்கள். 2023-ல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது நம் சேமலாப நிதியின் பிணைமுறிகளை மாற்றவைத்தார்கள், மாற்றாவிட்டால் 14 வீத வரி 30 வீதமாகும் என்று நெருக்கினார்கள். நாடு திவாலானபோது நம் சேமிப்பு தோள் கொடுத்தது. கம்பனி திவாலாகும்போது நாடு நமக்குத் தோள் கொடுக்க வேண்டும். இதில் பிச்சை எங்கே இருக்கிறது? கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறோம்.

கேட்பது இதுதான்: ஒரு தோட்டமோ ஸ்டோரோ மூடிய மாதத்திலிருந்து, நட்டஈடும் பாக்கியும் கைக்கு வரும்வரை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதாமாதம் இடர்காலக் கொடுப்பனவு. அரசு இப்போது கொடுக்கட்டும், பிறகு கம்பனியிடம் அறவிட்டுக்கொள்ளட்டும். பணம் எங்கே என்பார்கள். கம்பனிகள் கட்டும் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்குங்கள். அது இந்த மண்ணில் விளைந்த பணம்.

இல்லாத ஊருக்கு வழி கேட்கவில்லை நாம். ஜெர்மனியில் கம்பனி திவாலானால் கடைசி மூன்று மாதச் சம்பளத்தை வேலைவாய்ப்பு முகவரகம் கொடுத்துவிடுகிறது, அந்த நிதிக்கு முதலாளிமார்தான் பணம் கட்டுகிறார்கள். அது பணக்கார நாடு என்று தள்ளிவிடுவீர்கள் என்றால் மேற்கு வங்காளத்தைப் பாருங்கள். அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம், அங்கேயும் இரவோடிரவாகத் தோட்டத்தை விட்டுப் போகிற முதலாளி. டூவார்ஸ் பகுதியில் மூடிய தோட்டத்துத் தொழிலாளருக்கு அந்த மாநில அரசு மாதம் 1,500 இந்திய ரூபா கொடுத்துவருகிறது. போதாத காசுதான், பட்டினியில் செத்த ஆட்களைப் பார்த்தபிறகுதான் அதற்கும் வழி பிறந்தது. ஆனாலும் வழி இருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பு 1992-லேயே, முதலாளி திவாலாகும்போது தொழிலாளியின் உரிமைப் பணத்தைக் காப்பதற்கென்று 173-ஆம் சமவாயத்தை எழுதி வைத்துவிட்டது. இலங்கை அதில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. நம் பெருவிரலைத் தேடி வருகிறவர்கள் முதலில் அங்கே கையெழுத்து வைக்கட்டும்.

சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிய நம் உறவுகளும் இதே அடியை வாங்கியவர்கள். நீலகிரியில் அவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைக் கம்பனி நட்டத்தில் விழுந்து, 2022-ல் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் காட்டிலாகாவிடம் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, கோத்தகிரியிலும் கூடலூரிலும் பதுளைத் தமிழ் பேசுகிற கிழவிகள் மறுபடி எங்கே போவது என்று கேட்டார்கள். ஒரே குடும்பத்தை இரண்டு நாட்டில் இரண்டு தரம் தெருவில் விட்டது தேயிலை.

அரசு அசையும்வரை வயிறு காத்திருக்குமா? காத்திருக்காது. அதனால் இரண்டாவது வேலை நம்முடையது.

நான் போன கிழமை நான்கு லயம் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் கோதுமை மாப் பையை உதறி, ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேருக்கு மூன்று ரொட்டி. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். சப்பாத்து இல்லையா என்று கேட்டேன். "இருக்கு அங்கிள், சாப்பாட்டுப் பெட்டியில வைக்கத்தான் ஒண்ணும் இல்ல" என்றான். கடை முதலாளி பற்றுக் கொப்பியை மூடிவிட்டார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் பதுளை மொத்தக்கடையில் கடன். தாலிக்கொடி அடகுக்கடையில் இருக்கிறது. கொழும்புக் கடைக்குப் பிள்ளை பிடிக்கிற தரகர் ஒருவர் அதே லயத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் நாளை வருவாராம். பசி வந்த வீட்டுக்கு இவர்கள் வந்துவிடுகிறார்கள். கம்பனி ஆள் அந்தத் தாளோடு திரும்பி வரப்போவதும் அதே வீட்டுக்குத்தான். ஐந்து பேருக்கு மூன்று ரொட்டி உள்ள வீட்டில் மூன்று மாதச் சம்பளம் மலைபோலத் தெரியும். ஆகவே கையெழுத்துப் போடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாவம். அடுப்பு எரிந்தால்தான் கை உறுதியாக இருக்கும்.

வேலை நடக்கிற தோட்டங்களில் இருக்கும் தோழர்களே, உங்களைத்தான் கும்பிட்டுக் கேட்கிறேன். மாதத்தில் ஒரு பேர், ஒரே ஒரு நாள் சம்பளம், மூடிய தோட்டத்துக்குக் கொடுங்கள். அது முடியாத வீட்டில், உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனிச் சட்டியில் போட்டுவையுங்கள். நம் அம்மாமார் கோயிலுக்கு எடுத்துவைத்த பிடி அரிசிதான், இந்த வருசம் அம்மன் பசித்த பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் நிற்கிற, ஆட்டோ ஓட்டுகிற, ஆடைத்தொழிற்சாலையில் தைக்கிற நம் பிள்ளைகள், துபாயிலும் குவைத்திலும் இருக்கிற நம் சகோதரிகள் ஒரு நேரத் தேநீர்க் காசு அனுப்பினாலும் இங்கே ஒரு வீட்டில் ஒருநாள் புகை எழும்பும். மரண உதவிச் சங்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. செத்தால் கொடுப்பதற்கு ஒன்றுகூடத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருக்கும்போது கொடுப்பதற்கு ஒன்றுகூடத் தெரியாதா?

காசைப் பெண்கள் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒவ்வொரு டிவிசனுக்கும் மூன்று தலைவிமார், வெவ்வேறு சங்கத்திலிருந்து. வந்ததும் போனதும் பிள்ளைக் காம்பராச் சுவரில் கிழமைக்குக் கிழமை ஒட்ட வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். முதல் அரிசி கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், கர்ப்பிணிக்கும், தனியாக இருக்கும் கிழவன் கிழவிக்கும். அதற்கடுத்து கைக்காசு ஆட்களுக்கு. ஏனென்றால் வருசத்தில் 180 நாள் கணக்குக் காட்ட முடியாதவரை அந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றாது. பேர் பதியாமல் காலமெல்லாம் வேலை வாங்கினார்கள், இப்போது அவர்களுக்குக் கடிதம்கூட வரவில்லை. சட்டம் கைவிட்டவரை நாமும் கைவிட்டால் நம்மைத் தோழர் என்று யார் கூப்பிடுவது?

காங்கிரஸ், தேசிய சங்கம், முன்னணி, செங்கொடி என்று சந்தா எங்கே போனாலும் பசி ஒரே அட்டைதான் வைத்திருக்கிறது. தேர்தல் வரும்போது பிரிந்துகொள்ளுங்கள், இப்போது வேண்டாம். ஸ்டோரில் வேலை செய்த சிங்களத் தோழர்களுக்கும் அதே கடிதம்தான் போயிருக்கிறது. கீழ்க் கிராமத்திலிருந்து வந்து இராத்திரி டியூட்டி பார்த்தவர்கள், நம்மோடு சேர்ந்து தூள் மூக்கில் ஏறி இருமியவர்கள். அவர்கள் வீட்டுக்கும் போங்கள்.

இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு வெவஸ்ஸ தோட்டத்தை ஞாபகப்படுத்துகிறேன். பதுளை டவுனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1940-ல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு பேசித்தான் தோட்டத்தை நடத்துவேன் என்று வெள்ளைக்காரத் துரையே ஒத்துக்கொண்டார். அதே வருசம் மே 12-ஆம் தேதி பொலிஸ் தடையை மீறி இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா பதுளையில் பேசினார், மலையெல்லாம் இறங்கிவந்து கேட்டது. அந்தச் சனத்துக்குச் சேமலாப நிதி கிடையாது, பணிக்கொடைச் சட்டம் கிடையாது. சபை இருந்தது.

சபையை நாளைக்கே கூட்டுவோம். அதற்கு முன்னால் வீட்டில் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். தகரப்பெட்டியைத் திறந்து சம்பளச் சிட்டை, சேமலாப நிதி அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போடுங்கள். சிட்டை இல்லாதவர்கள் எந்த வருசம் பேர் பதிந்தீர்கள், எந்த மலையில், எந்தக் கணக்கப்பிள்ளை காலத்தில் என்று பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள், கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயரையும் சேருங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர் என்று இருப்பவர்கள் வெட்கப்பட வேண்டாம், அது நம் பிழை இல்லை, நம் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியவர் பிழை. சத்தியக்கடதாசி முடித்துச் சரிசெய்யலாம், ஆனால் நாள் எடுக்கும், இப்போதே சொல்லுங்கள். ஏ.எல். படித்த தம்பி தங்கச்சிமார் ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேர் இறங்க வேண்டும், படிவம் நிரப்பக் கை வேண்டும்.

லயக் காம்பராவை விடு என்று சொன்னாலும் பயப்படாதீர்கள். வேலை போனாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தோட்டத் தொழிலாளியைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற முடியாதபடி 1971-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தண்ணீரை வெட்டினாலோ கூரைத் தகரத்தைக் கழற்றினாலோ போனில் படம் எடுங்கள், பொலிசில் முறைப்பாட்டைப் பதியுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டவர்கள் ஒதுங்கி நிற்காதீர்கள். பசிக்காக வைத்த கையெழுத்து, விளங்காத மொழியில் வைத்த கையெழுத்து. அந்த நிலைமையை அப்படியே தொழில் அலுவலகத்தில் சொல்வோம். உங்களை யாரும் கருங்காலி என்று சொல்லக் கூடாது. சொன்னால் என்னிடம் வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரட்டுக்களத்தில் கூடுகிறோம். பேர் போட ஆள் இல்லாத அதே களத்தில் நம் பேரை நாமே எழுதுவோம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பதுளை தொழில் அலுவலகத்துக்குப் போகிறோம், ஒவ்வொரு முறைப்பாடும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் திகதி முத்திரையோடு பிரதி. பஸ் காசு இல்லாதவர்கள் வீட்டில் நிற்காதீர்கள், நிதியிலிருந்து கொடுக்கிறோம். உறையைக் கொண்டுவாருங்கள். முடிந்தவர்கள் ஒரு பிடி அரிசியும் கொண்டுவாருங்கள், கூட்டம் முடிந்ததும் மடுவத்தில் உலை வைக்கிறோம். அந்த இருபத்தேழு வருசத்து அக்காதான் அடுப்பு மூட்டுகிறார்.